பொன்னானி தந்த அமானிதம்

தேர்தல் அறிவிப்பு வெளியானதும் வேலூர் லாங் பஜாரின் கடைகளில் முதற்கண் எழும் வினா, வேட்பாளரின் கொள்கை யாது என்பதன்று. அவர் எந்த ஊர்க்காரர் என்பதே. இவ்வினாவைச் சிறுமையானதென்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. பாலாற்றின் வறண்ட மணலைக் கண்ணால் கண்டிராத ஒருவர் அதனைப் பற்றி டில்லியில் எவ்வாறு பேசுவார் என்னும் நியாயம் அதனுள் அடங்கியிருக்கிறது. எனினும், இவ்வினாவைக் கேட்டுக்கொண்டே வெளியூராரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய வரலாறும் வேலூருக்கு உண்டு. 1980-லும் 1989-லும் இத்தொகுதியில் வெற்றி பெற்ற ஏ. கே. ஏ. அப்துல் ஸமது சாஹிப் அவர்கள் காரைக்காலைச் சேர்ந்தவர்கள். 2004-ல் வென்ற கே. எம். காதர் மொகிதீன் அவர்கள் திருச்சியில் பேராசிரியராக விளங்கியவர்கள். 2009-ல் வென்ற எம். அப்துல் ரஹ்மான் அவர்கள் முத்துப்பேட்டைக்காரர். கடலோரத்தார் வந்து தோல் தொழில் வட்டாரத்தின் குரலாக நின்றனர். ஊர் எது என்று கேட்டவர்களே ஓட்டையும் அளித்தனர் என்றால், அவ்வினாவின் உண்மையான பொருள்தான் என்ன?

இதனை அதன் எல்லை வரை கொண்டு சென்று சோதித்துப் பார்க்க வேண்டுமாயின், நாம் மேற்குக் கடற்கரைக்குச் செல்லுதல் வேண்டும். பாரதப்புழை அரபிக் கடலில் கலக்குமிடத்தில் அமைந்த பழம்பெரும் துறைமுகம் பொன்னானி. மக்தூம் குடும்பத்து உலமாக்களின் கல்விப் பீடமாகத் திகழ்ந்து, தென்னகமெங்கணுமிருந்து மாணாக்கர்களை ஈர்த்த ஊர் அது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரின் அட்டூழியங்களைப் பதிவு செய்து, துஹ்ஃபதுல் முஜாஹிதீன் என்னும் அரபு நூலை இயற்றிய ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அப்பரம்பரையினரே. அத்துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய மக்களவைத் தொகுதி, கடலை ஒட்டி நீண்டு கிடப்பது. மீன்பிடிப்போரும், தென்னையையும் நெல்லையும் நம்பி வாழ்வோரும், வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கடிதத்திற்குக் காத்திருந்த குடும்பத்தாரும் அதன் வாக்காளர்கள். அவர்களின் மொழி மலையாளம்.

இம்மக்கள் 1977-ஆம் ஆண்டில் தங்கள் பிரதிநிதியாகப் பம்பாய்க்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். குலாம் மஹ்மூத் பனாத்வாலா, 1933-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் பம்பாயில் பிறந்தவர். 1967 முதல் பத்தாண்டுகள் மகாராஷ்டிரச் சட்டமன்றத்தில் உறுப்பினராயிருந்தவர். மலையாளம் அவருடைய தாய்மொழியன்று. மலபார் அவருடைய மண்ணுமன்று. எனினும் 1977, 1980, 1984, 1989, 1996, 1998, 1999 ஆகிய ஆண்டுகளில், ஏழு முறை, பொன்னானி அவரை டில்லிக்கு அனுப்பியது. இடையில் 1991-ல் மட்டும் அத்தொகுதி இப்ராஹீம் சுலைமான் சேட் சாஹிப் அவர்களுக்குச் சென்றது. சேட் சாஹிப் அவர்களோ பெங்களூரில் பிறந்தவர்கள்! ஆக, கால் நூற்றாண்டிற்கும் மேலாக ஒரு கடற்கரைத் தொகுதி தன் மண்ணின் மைந்தர் எவரையும் மக்களவைக்கு அனுப்பவில்லை.

இதற்கு முன்மாதிரியும் இருந்தது. திருநெல்வேலிப் பேட்டையில் 1896-ல் பிறந்தவரும், சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டிருந்தவருமான காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள், 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மலபாரின் மஞ்சேரித் தொகுதியிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பெற்றார்கள். 1972 ஏப்ரல் 5-ஆம் நாள் அவர்கள் மறைந்தபோதும் மஞ்சேரியின் உறுப்பினராகவே மறைந்தார்கள். தமிழராகிய அவர்களை மலையாளிகள் தேர்ந்தெடுத்ததைத் தமிழகத்தார் பெருமையாகப் பேசினோம். ஆனால் பெருமை வேறு, நியாயம் வேறு. தன் மொழி பேசாத, தன் ஊரில் வாழாத ஒருவரைத் தனக்காகப் பேசும்படி அனுப்புவது ஒழுக்க நெறிக்கு ஒத்த செயலா? அப்படி அனுப்பப்பட்டவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? அனுப்பிய கடற்கரைக்கா, அல்லது அக்கடற்கரை யாருக்காக அவரை அனுப்பியதோ அவர்களுக்கா?

சட்டம் இதில் நமக்கு அதிகம் உதவாது. மக்களவைக்குப் போட்டியிடுபவர் நாட்டின் ஏதேனும் ஒரு மக்களவைத் தொகுதியில் வாக்காளராயிருந்தால் போதும். மாநிலங்களவைக்கு மட்டும், தேர்ந்தெடுக்கும் மாநிலத்தில் வாக்காளராயிருத்தல் வேண்டும் என்னும் விதி இருந்தது. அதையும் 2003-ல் பாராளுமன்றம் நீக்கிவிட்டது; 2006-ல் உச்ச நீதிமன்றம் அந்நீக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலோ, காங்கிரஸ் உறுப்பினர் தம்மைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டுமென்று அரசியலமைப்பே கூறுகிறது. அத்தொகுதியிலேயே குடியிருக்க வேண்டுமென்று அதுவும் கூறவில்லை. இங்கிலாந்தில் 1413-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, உறுப்பினர் தம் தொகுதியிலேயே வசிக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. எவரும் பொருட்படுத்தாத அச்சட்டம் 1774-ல் நீக்கப்பட்டது.

அதே 1774-ல்தான் இங்கிலாந்தின் மற்றொரு துறைமுகத் தொகுதியாகிய பிரிஸ்டல், டப்ளினில் பிறந்த எட்மண்ட் பர்க் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. நன்றி கூறும் மேடையிலேயே அவர் வாக்காளருக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார். உங்கள் கட்டளையை ஏற்று நடக்கும் தூதுவனாக நான் செல்லவில்லை. என் பகுத்தறிவின்படி நாடு முழுமைக்கும் நன்மை எதுவோ அதனையே செய்வேன் என்பது அவர் பேச்சின் சாரம். சொன்னவாறே நடந்தும் காட்டினார். அயர்லாந்தின் வாணிபத்திற்கு விதிக்கப்பட்டிருந்த தடைகளைத் தளர்த்தவும், கத்தோலிக்கர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் குறைக்கவும் அவர் குரல் கொடுத்தார். பிரிஸ்டல் வணிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1780-ல் அத்தொகுதியை இழந்தார். இந்த இடத்தோடு கதையை முடித்து, அவரைத் தியாகியாகக் காட்டுவதே பெரும்பாலோர் வழக்கம். அதன்பின் அவர் மால்ட்டன் என்னும் சிற்றூரிலிருந்து பாராளுமன்றம் சென்றார் என்பதையும், அவ்வூர் அவருடைய ஆதரவாளராகிய பிரபு ஒருவரின் கைக்குள் அடங்கிய தொகுதி என்பதையும் கூறுவோர் குறைவு. மனச்சான்றின்படி பேசும் சுதந்தரம், எவரும் கேள்வி கேட்காத தொகுதியொன்றின் நிழலில்தான் அவருக்குக் கிட்டியது. இதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

பர்க்கிற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வேறுபாட்டை நம்மவர் ஒருவர் வரையறுத்து வைத்திருக்கிறார். பஸராவில் பிறந்து, பாக்தாதில் ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள், தமது அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா என்னும் நூலில் அமைச்சர்களை இருவகையினராகப் பகுக்கிறார்கள். ஒருவர் ‘தன்ஃபீத்’ அமைச்சர். இட்ட கட்டளையை நிறைவேற்றி, நடந்ததைத் தெரிவிப்பவர். மற்றவர் ‘தஃப்வீள்’ அமைச்சர். அதிகாரம் அவரிடமே ஒப்படைக்கப்பட்டிருப்பதால், தம் ஆராய்ச்சியையும் முடிவையும் கொண்டு செயற்படுபவர். முன்னவருக்கு வேண்டிய தகுதிகள் சில. நம்பிக்கையும் வாய்மையும் முதன்மையானவை. பின்னவருக்கோ ஆட்சித் தலைவருக்குரிய தகுதிகள் யாவும் வேண்டும் என்கிறார்கள் இமாமவர்கள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று எது? குலம்! குறைஷி வம்சத்தவராக இருத்தல் வேண்டுமென்று தலைவருக்கு விதித்த நிபந்தனையை, தஃப்வீள் அமைச்சருக்கு அவர்கள் விதிக்கவில்லை.

இக்கருத்தை நம் பொருளுக்குக் கொண்டுவந்து பாருங்கள். மக்களாட்சியில் அதிகாரத்தின் ஊற்று வாக்காளரே. அவர் தம் அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, ஒப்படைப்புப் பெறுபவரின் பிறப்பிடம் பொருட்டன்று. அறிவும் நேர்மையுமே பொருட்டு. பொன்னானி, பனாத்வாலாவைத் தேர்ந்தெடுத்ததில் நெறி வழுவவில்லை என்பதே என் துணிபு. ஆனால் மாவர்தீ அவர்கள் இத்துடன் நிறுத்தவில்லை. தஃப்வீள் அமைச்சரோடு இரண்டு கடமைகளைச் சேர்த்தே சொல்கிறார்கள். அமைச்சர், தாம் செய்த முடிவுகளையெல்லாம் தலைவருக்கு அறிவித்தாக வேண்டும். இன்றேல் அவரே தலைவராகிவிடுவார். தலைவரும் அம்முடிவுகளை ஆராய்ந்து, சரியானவற்றை ஏற்று, தவறானவற்றைத் திருத்தியாக வேண்டும். முதற்கடமை உறுப்பினரைச் சாரும். இரண்டாவது நம்மைச் சாரும். வெளியூராரை அனுப்புவது பிழையன்று. அனுப்பிவிட்டு மறந்துவிடுவதே பிழை. ஏழு முறையும் ஒரே சின்னத்திற்கு வாக்களித்த தொகுதி, ஒரு முறையேனும் கணக்குக் கேட்டதா? வேட்பாளர் யார் என்பதைக் கட்சியே தீர்மானித்தது. 1991-ல் மாற்றியதும் கட்சியே. இரண்டாவது கடமையை வாக்காளர் கட்சியிடம் கைமாற்றிவிட்டனர் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

பொன்னானி என்ன பெற்றது, என்ன தந்தது என்பதையும் காண்போம். மீன்பிடித் துறை அரசியலமைப்பில் மாநிலங்களின் பட்டியலில் உள்ளது. கடலெல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பே மத்திய அரசின் பட்டியலைச் சேர்ந்தது. மழைக்காலத்தில் இழுவைப் படகுகளுக்குக் கேரளத்தில் 1988 முதல் தடை விதித்து வருவதும் மாநில அரசே. எனவே வலையும் படகும் பற்றிய அன்றாட வழக்குகளில் மக்களவை உறுப்பினரின் கை எட்டும் தூரம் குறைவு. அவற்றிற்குத் திருவனந்தபுரத்தில் பொன்னானியின் சட்டமன்ற உறுப்பினர்கள் இருந்தனர். இருப்பினும் கடலரிப்பு, துறைமுகம், ரயில், வளைகுடாவிலிருந்த பிள்ளைகளின் பாஸ்போர்ட்டு என டில்லியின் கதவைத் தட்ட வேண்டிய காரியங்களும் பல உண்டு. அவற்றை உணர்த்த மொழியறியாத ஒருவரிடம் இடையாள் ஒருவர் மூலமாகவே ஒரு மீனவர் பேச வேண்டியிருப்பது குறையே. அதை மறைப்பதில் பயனில்லை.

தந்தது பெரிது. நம் தேர்தல் முறையில், ஓரிடத்தில் செறிந்து வாழ்வோருக்கே தம் விருப்பப்படி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வலிமை உண்டு. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மகாராஷ்டிரத்திலும் ஊருக்குச் சிலராகச் சிதறிக் கிடக்கும் சிறுபான்மையினர் எத்தனை கோடியாயினும், தம் கட்சியைச் சேர்ந்த ஒருவரை அனுப்பவல்ல தொகுதி அவர்களுக்கு அமைவது அரிது. மலபார்க் கடற்கரை தன்னிடமிருந்த வலிமையை அவர்களுக்கு இரவல் தந்தது. பம்பாய்க்காரரைத் தேர்ந்தெடுத்ததன் உட்பொருள் இதுவே. பெரும்பாலும் இருவரே கொண்ட கட்சியின் உறுப்பினராயிருந்தும், பனாத்வாலா விதிகளைக் கரைத்துக் குடித்தவராய், எதிரிகளும் செவி சாய்க்கும் வண்ணம் வாதிட்டார். வெள்ளிக்கிழமைகளில் மாலை இரண்டரை மணி நேரம் தனி உறுப்பினர்களின் அலுவலுக்கென்று மக்களவையில் ஒதுக்கப்படும். பெரிய கட்சியினர் பலர் ஊருக்குப் புறப்பட்டுவிடும் நேரம் அது. சிறிய கட்சியின் உறுப்பினருக்கோ அதுவே ஆயுதம். விடுதலைக்குப் பின் சட்டமாக நிறைவேறிய தனி உறுப்பினர் மசோதாக்கள் பதினான்கே. 1970-க்குப் பின் ஒன்று கூட இல்லை. அப்பதினான்கனுள் ஒன்று, சையத் முஹம்மது அஹ்மது காஸிமி கொணர்ந்து 1954-ல் சட்டமான வக்ஃபு மசோதா என்பதை இங்குக் குறிப்பிடலாம். நிறைவேறாது என்று அறிந்தும் ஒரு மசோதாவைக் கொணர்வது வீண் வேலையன்று. அரசை வாய் திறக்கச் செய்யும் வழி அது.

பனாத்வாலா கொணர்ந்த அத்தகைய மசோதா ஒன்றுதான் நாட்டையே உலுக்கியது. இந்தூரைச் சேர்ந்த ஷா பானு என்னும் முதியவர், தம்மைத் தலாக் கூறிய கணவரிடம் ஜீவனாம்சம் கோரி வழக்காடினார். 1979-ல் நீதிபதி விதித்த தொகை மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதனை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985 ஏப்ரல் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்ததோடு, மார்க்கச் சட்டத்திற்கு விளக்கம் கூறவும் முற்பட்டது. சமுதாயம் கொதித்தெழுந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவிலிருந்து முஸ்லிம்களுக்கு விலக்கு வேண்டும் என்னும் பனாத்வாலாவின் மசோதா அவ்வாண்டு அவையில் விவாதிக்கப்பட்டது. மத்திய அமைச்சராயிருந்த ஆரிப் முஹம்மது கான் அதனை எதிர்த்துப் பேசினார். பிறகு அரசே நிலை மாறி 1986-ல் தனிச் சட்டம் கொணர்ந்தது. கான் பதவி விலகினார்.

தனியார் சட்டத்தைப் பாராளுமன்றப் பெரும்பான்மையின் கைக்கு விட்டுவிடலாகாது என்னும் அச்சம் நியாயமானதே. அதைப் பேசும் உரிமை பனாத்வாலாவிற்கு முழுமையாக இருந்தது. நான் எழுப்பும் வினா வேறு. அன்று ஊர்வலங்களில் திரண்ட மக்களின் விருப்பத்தை அவர் அவையில் எடுத்துரைத்தார். அஃதாவது, தன்ஃபீத் அமைச்சரின் கடமையைச் செவ்வனே செய்தார். தஃப்வீள் அமைச்சரின் கடமையோ மேலும் ஒன்றைக் கேட்கிறது. பொன்னானியில் வாக்கில்லாத லக்னோவாருக்காகவும் மாலேகாமியருக்காகவும் பொன்னானியின் உறுப்பினர் பேசலாம் என்றால், அமானிதம் வாக்குச் சீட்டின் எல்லையோடு நிற்பதன்று என்பதை ஒப்புக்கொண்டவர்களாகிறோம். அவ்வாறாயின் இந்தூரின் முதியவரும் அந்த அமானிதத்தினுள் அடங்கியவர்தாமே? ஊர்வலத்தில் அவரைப் போன்றோர் இல்லை, மேடையிலும் இல்லை. இத்தாக் காலத்திற்குப் பின் அவர்கள் எதை உண்டு வாழ்வார்கள் என்பதற்கு அம்மசோதா விடையளிக்கவில்லை. 125-ஆம் பிரிவு கூடாதெனின் வேறெது என்று சமுதாயத்தின் சார்பில் திட்டமொன்றை முதலில் வகுத்து, அதனைக் கையிலேந்தி அவையில் நின்றிருப்பாராயின், பனாத்வாலாவின் வாதம் பன்மடங்கு வலுப்பெற்றிருக்கும். வறியவரின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு உரிமை பேசுவதே அமானிதத்தின் முறை.

அப்பணியைப் பின்னர் நீதிமன்றமே செய்தது. ஷா பானுவுக்காக வாதாடிய வழக்கறிஞர் தானியால் லத்தீஃபி 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2001-ல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லும் என்றே கூறியது. ஆனால், இத்தாக் காலத்திற்குள்ளேயே அப்பெண்ணின் எதிர்காலத்திற்கும் போதுமான நியாயமான ஏற்பாட்டைக் கணவர் செய்துவிட வேண்டும் என்று அதற்குப் பொருள் கொண்டது. 2024-ல், 125-ஆம் பிரிவின் பரிகாரமும் அவர்களுக்குத் திறந்தே இருக்கிறதென்று மற்றொரு தீர்ப்பில் கூறியது. எந்தத் தலையீட்டைத் தவிர்க்க வேண்டுமென்று போராடினோமோ அத்தலையீடே நிலைத்தது. காரணம், நாம் விட்டு வைத்த வெற்றிடம்.

இந்த வெற்றிடம் மலபாருக்கு மட்டும் உரியதென்று வேலூரில் அமர்ந்துகொண்டு நாம் எண்ணிவிடலாகாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலந்து கிணறுகள் உப்பாகியபோது, தொழிற்சாலை அதிபருக்கும் ஓட்டு இருந்தது, தொழிலாளிக்கும் ஓட்டு இருந்தது, கிணற்றுக்காரருக்கும் இருந்தது. முதலிருவரின் வாதம் உறுப்பினர்களின் காதுகளுக்கு எளிதில் எட்டியது. அந்நியச் செலாவணி, பல்லாயிரவரின் பிழைப்பு என்பன பொய்யான வாதங்களுமல்ல. மூன்றாமவர், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் வாயிலாக உச்ச நீதிமன்றத்தின் துணையையே நாட வேண்டியிருந்தது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் அளிக்கப்பட்ட தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குதவாமற் போனதைக் குறிப்பிடுகிறது. மாசு செய்தவரே ஈடு தருதல் வேண்டும் என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அதன் பின்னும் வழக்கு ஓயவில்லை. 2025 ஜனவரியில் மீண்டும் உச்ச நீதிமன்றம் இழப்பீடு பற்றி ஆணையிட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளிலெல்லாம் வேலூரின் உறுப்பினர் உள்ளூராரா வெளியூராரா என்பது, உப்புக் கிணற்றுக்காரருக்கு எந்த வேறுபாட்டையும் உண்டாக்கியதாகத் தெரியவில்லை.

மாவர்தீ அவர்களின் பகுப்பிற்கு இன்று வேறொரு சோதனையும் வந்திருக்கிறது. 1985-ல் நிறைவேறிய 52-ஆவது திருத்தம், கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினரின் பதவியைப் பறித்துவிடுகிறது. கட்சித் தாவலைத் தடுக்க வந்த சட்டம், நோக்கம் நன்று. ஆனால் தொகுதி அனுப்பிய தஃப்வீள் அமைச்சரை அது கட்சியின் தன்ஃபீத் ஊழியராக மாற்றிவிடுகிறது. பிறிதொரு கட்சியின் சின்னத்தில் வென்று செல்பவர் நிலை இன்னும் இக்கட்டானது. பனாத்வாலா தம் கட்சிச் சின்னத்திலேயே நின்றவர். அவ்வகையில் பொன்னானி அவருக்களித்த சுதந்தரம் வேலூர் தன் உறுப்பினர்களுக்கு அளித்ததைக் காட்டிலும் கூடுதலானது.

2004-ஆம் ஆண்டுத் தேர்தலில் பனாத்வாலா போட்டியிடவில்லை. கண்ணூரைச் சேர்ந்த இ. அஹமது பொன்னானியில் நின்று வென்றார். 2009 முதல் மும்முறை இ. டி. முஹம்மது பஷீர், 2024-ல் அப்துஸ் ஸமது ஸமதானி என, அடுத்து வந்தவர்கள் மலப்புறம் மாவட்டத்தவரே. மீனவர் இப்போது இடையாள் இன்றித் தம் மொழியிலேயே உறுப்பினரிடம் பேசலாம். பனாத்வாலா 2008 ஜூன் 25-ஆம் நாள் மும்பையில் காலமானார். அவருக்குப் பின் அக்கடற்கரை வேற்று மாநிலத்தார் எவரையும் மக்களவைக்கு அனுப்பவில்லை.